ஆனியில் வைத்த பை

இந்தக் கட்டுரையில் தேதி எதையும் எழுதப் போவதில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். தியாகதுருகத்தில் யார் வீட்டில் எப்போது என்ன நடந்தது என்று கேட்டு வருகிறவர்களுக்கு நோட்டைப் புரட்டிப் பதில் சொல்கிறவள் நான். பட்டா வழக்குக்காக வருவார்கள். இறந்தவரின் திதி மறந்துபோய் வருவார்கள். பிள்ளை பிறந்த நேரம் கேட்டுப் பெற்ற தாயே வந்திருக்கிறாள். "போஸ்டாபீஸம்மாவ கேளு, கரெக்டா சொல்லும்" என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு பூரிப்பு ஏற்படும். அதை மறைத்துக்கொள்ளவும் தெரியும்.

தபால் நிலையத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். காலையில் முதல் வேலை, முத்திரையில் தேதியை மாற்றி, அதற்கென்று வைத்திருக்கும் நோட்டில் ஒரு முறை குத்திப் பார்ப்பது. அது தெளிவாக விழுந்த பிறகுதான் தபால்களைத் தொடுவோம். ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. நாட்குறிப்பில் நாளுக்கு ஒரு பக்கம் எழுதுகிறேன். முதல் வரியில், மேற்கே கல்வராயன் மலை தெரிந்ததா இல்லையா. அடுத்து மழை. பிறகு வந்தவர், போனவர், காதில் விழுந்த செய்தி, படித்துக்கொண்டிருக்கும் புத்தகம். பக்கத்தின் அடியில், வீட்டு வேலைக்கு வருகிறவள் வந்தாளா என்று ஒரு டிக். ஆண்டு முடிந்ததும் முக்கியமானவற்றை மட்டும் எடுத்து நீளமான இன்னொரு நோட்டில் பிறப்பு, இறப்பு, புறப்பாடு என்று தலைப்பிட்டு எழுதிவைப்பேன். பழைய கெசட்டியர்களையும் நிலவரி அறிக்கைகளையும் படித்துப் படித்து வந்த ஆசை இது. என்றைக்காவது யாராவது இந்த ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் நோட்டைத் தேடி வருவார்கள் என்று நினைத்தேன்.

தேடி வந்தார்கள். எங்கோ கடலுக்கு அப்பாலிருந்து ஒரு வக்கீலம்மா வீடியோ அழைப்பில் தேடி வந்தார். புறப்பாடு என்ற தலைப்பின் கீழ் நான் எழுதியிருந்த ஒரு வரியை எடுத்துக் கொடுத்தேன். அந்த ஒரு வரி ஒரு தாயையும் மகளையும் பிரித்து வைத்துவிட்டது.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆவதற்கு முந்தைய ஆண்டு. என் கணவர் தொடை எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். ரிஷிவந்தியம் போகிற சாலையில் ஒரு சிற்றூரிலிருந்து ஒருத்தி ஐந்து ஆண்டாக எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். பாத்திரம், துணி, அதோடு என் கணவரைப் புரட்டிப் படுக்கவைப்பது, வெந்நீர் துணியால் உடம்பு துடைப்பது. புருஷன் குடித்துச் செத்துப்போயிருந்தான். பதினோரு வயதில் ஒரு பெண். என் வீட்டில் அவளுக்கென்று தனியாக ஒரு டம்ளர் இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். நாட்குறிப்பில் அது எங்கும் இல்லை.

அவளை வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஆள் கள்ளக்குறிச்சியில் டிராவல்ஸ் வைத்திருந்தான். அவள் நேரே ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க போஸ்டாபீஸம்மா சரின்னு சொன்னாதான் போவேன்" என்று சொல்லியிருக்கிறாள். அதனால் அவன் என் வீட்டுக்கு வந்தான். முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து நான் கொடுத்த காபியைக் குடித்தான். அவள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எட்டு மணி நேரந்தான் வேல மேடம். ஞாயித்துக்கெழம லீவு. வாரத்துக்கு ஒரு தபா வூட்டுக்கு போன் பேசலாம். நம்ம தமிழ்க்காரங்க வூடுதான். ரெண்டு கொழந்த, அதுங்கள பாத்துக்கணும், அவ்ளோதான். இங்க இருக்கறத விட வேல கம்மி, சொகம் ஜாஸ்தி."

நான் அவனிடம் கேட்ட ஒரே கேள்வி, அந்த ஊரில் குளிர் அதிகமா என்பது. குளிர்காலத்தில் பனி எவ்வளவு ஆழம் கிடக்கும் என்று நான் படித்திருந்ததைச் சொன்னேன். அவன் வியந்து கேட்டுக்கொண்டான். அவன் போன பிறகு அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னாம்மா சொல்றிங்க?"

"நல்ல இடமாத்தான் தெரியுது. போய்ட்டு வா. பொண்ணு படிக்கணும் இல்ல?"

ஆனி மாதம் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. டிக்கெட் எப்போது வரும் என்று அவன் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு தங்கை உண்டு. கூர்மையான வாய், அக்காவுக்குப் பேச வேண்டியதையும் சேர்த்து அவளே பேசுவாள். ஒரு காலையில் அந்தத் தங்கை ஒரு நீலப் பையைத் தூக்கிக்கொண்டு அக்காவோடு வந்தாள்.

"ஆடி பொறக்கப் போவுதும்மா. டிக்கெட்டு ஆடியிலதான் வரும் போல. ஆடியில யாராச்சும் பொறப்படுவாங்களா? இன்னிக்கி நாளு நல்லாருக்குது. பையிய மட்டும் உங்க வூட்ல வெச்சிட்டுப் போறோம். பஸ் ஏறப் போற வழிதான."

வெளியூரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். போகிற நாள் நல்ல நாளாக அமையாது என்று தெரிந்தால், முன்கூட்டியே ஒரு நல்ல நாளில் பையை எடுத்து, போகிற வழியில் உள்ள இன்னொருவர் வீட்டில் வைத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதன் பிறகு ஆள் எந்த நாளில் போனாலும் கெடுதல் ஒட்டாது. பஞ்சாங்கத்தில் இதற்குப் பரஸ்தானம் என்று பெயர் போட்டிருக்கும். இங்கே பை எடுத்து வைப்பது என்பார்கள். ஆள் வீட்டிலேயே இருப்பாள், சமைப்பாள், வேலைக்குப் போவாள். ஆனால் புறப்பட்டவள்.

அன்று இரவு நாட்குறிப்பில் இப்படி எழுதினேன்: "மலை தெரிந்தது. மழை இல்லை. இன்று இவள் வெளிநாடு புறப்பட்டாள். நல்ல ஓரை." எனக்கு அதில் எந்த முரணும் தோன்றவில்லை. அவள் மறுநாள் வந்து பாத்திரம் தேய்த்தாள். அதற்கும் பக்கத்தின் அடியில் டிக் போட்டேன்.

பத்தொன்பது நாள் கழித்து, ஆடியில், பிற்பகல் பஸ்ஸில் அவள் சென்னைக்குப் போனாள். மறுநாள் விமானம்.

ஆண்டு முடிவில் நீள நோட்டில் ஏற்றும்போது, "புறப்பட்டாள்" என்ற சொல் எந்தப் பக்கத்தில் இருந்ததோ அந்த நாளை எடுத்து எழுதினேன்.

முதல் சில மாதங்களில் அவள் தங்கைக்கு நான்கைந்து முறை போன் வந்தது. "நல்லா இருக்கறேன்" என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை. போன் ஸ்பீக்கரில் இருந்தது என்று பிறகு தெரிந்தது. அந்த வீட்டுக்காரி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாளாம். அப்புறம் போனும் நின்றது. நான்கு ஆண்டுகள் அவள் அந்த வீட்டில் இருந்தாள். துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் படுக்கை. வீட்டார் வெளியே போனால் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போவார்கள். பாஸ்போர்ட் அவர்கள் பீரோவில். தோசை கருகிய ஒரு நாளில் தோசைக் கரண்டியைக் காய்ச்சி முன்கையில் வைத்தார்கள். குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது எதிர்வீட்டு அம்மாள் அந்தக் கையைப் பார்த்திருக்கிறாள். பேசுவதற்கு இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. இவள் கையை நீட்டிக் காட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். போலீஸ் வந்தது.

இவ்வளவும் எனக்குத் தெரியவந்தது அவள் அங்கே ஒரு காப்பகத்தில் ஓர் ஆண்டு இருந்த பிறகு. இப்படி ஏமாற்றிக் கொண்டுவரப்பட்டவர்களுக்கும் அடித்து அடைத்து வைக்கப்பட்டவர்களுக்கும் காசு வாங்காமல் வழக்கு நடத்தும் ஓர் அலுவலகம் அந்த நாட்டில் இருக்கிறது. அங்கிருந்த வக்கீலம்மா இவளுக்காக மனுப் போட்டார். மனு ஏற்கப்பட்டால் இவள் அங்கேயே பயமில்லாமல் இருக்கலாம். கல்யாணம் ஆகாத மகளையும் அழைத்துக்கொள்ளலாம். அங்கேயே இருப்பதில் அவளுக்கு அவ்வளவு ஆசை இல்லை. "எம் பொண்ண இங்க கூட்டிக்கினு வந்துருவாங்களாம்மா?" என்பதைத்தான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள்.

அடைத்து வைத்த வீட்டுக்காரர்கள் வேறு கதை சொன்னார்கள். அவள் எங்கள் ஊர்ப் பெண், விருந்தாளியாக வந்தாள், தானாகவே தங்கிவிட்டாள், இப்போது குடியிருக்க அனுமதி வாங்குவதற்காகப் பொய் சொல்கிறாள் என்று. அதனால் அவளை அனுப்பிய ஆள் இங்கே என்ன வாக்குக் கொடுத்தான் என்று நேரில் கேட்ட ஒருவரின் சாட்சி தேவைப்பட்டது. கேட்டவள் நான்.

காலை ஆறரை மணிக்கு வீடியோ அழைப்பு. என் முன்னறையில் தங்கையும், அவள் வளர்த்துவந்த அக்கா மகளும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெண் அப்போது பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். வக்கீலம்மாவின் பேச்சைத் தமிழில் சொன்னவர் யாழ்ப்பாணத்துக்காரப் பெண்மணி. அந்த ஆள் உட்கார்ந்த நாற்காலி முதல் எட்டு மணி நேரம், ஞாயிறு விடுமுறை வரை எல்லாவற்றையும் சொன்னேன். வக்கீலம்மாவும் மொழிபெயர்த்தவரும் மகிழ்ந்துபோனார்கள்.

"அருமையாச் சொல்லுறீங்கள் அம்மா. கடைசியா ஒண்டு. அவ ஊரில இருந்து எப்ப வெளிக்கிட்டவ? நாள் தேவையில்லை. மாசம் சொன்னாலே போதும் எண்டு வக்கீல் சொல்லுறா."

"என்கிட்ட தேதியே இருக்கு."

"இல்லை அம்மா, தேவையில்லை எண்டுதான்..."

"தேதி இருக்கறப்ப மாசம் எதுக்கு?"

எழுந்து போய் நீள நோட்டை எடுத்து வந்து கேமராவுக்கு முன்னால் பிடித்தேன். வக்கீலம்மா ஏதோ சொல்லிச் சிரித்தார். "உங்களை மாதிரி ஒரு சாட்சியை அவ தன்ர சர்வீசிலயே காணேல்லையாம்" என்று யாழ்ப்பாணத்துப் பெண்மணி மொழிபெயர்த்தார். அன்றைய நாட்குறிப்பில் இந்த வாக்கியத்தை மேற்கோள் குறி போட்டு எழுதியிருக்கிறேன். மறுநாளே கள்ளக்குறிச்சிக்குப் போய், கோர்ட் எதிரே நோட்டரி வக்கீலிடம் கையெழுத்து முத்திரை வாங்கி, நோட்டின் அந்த வரியையும் நாட்குறிப்பின் அந்த ஒரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினேன். சரிபார்க்க அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை. என் நோட்டை நானே சரிபார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அந்த ஆவணியில் தங்கை இன்னொரு பையோடு வந்தாள். சிவப்புப் பை. பின்னால் அந்தப் பெண்.

"இவளுக்கும் எடுத்து வெச்சிர்றம்மா. எப்ப கூப்புடுவாங்களோ, அப்ப நாளு எப்பிடி இருக்குமோ. எங்க அக்கா பையி இருந்த எடத்துலயே இருக்கட்டும்."

"உங்க அக்கா பட்டது போதாதா? வேற வீட்டுல வையேன்."

"எங்க அக்கா செத்தா பூட்டா? உசுரோடதான இருக்கறா. ராசியான வூடுதான்" என்று சிரித்தாள். பெண் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, என் மேசையில் இருந்த நோட்டைப் பார்த்தாள். "என்னையும் எழுதுவிங்களா?" என்றாள். அவள் எதிரிலேயே புறப்பாடு என்ற தலைப்பின் கீழ் அவள் பெயரை எழுதினேன். ஆண்டு முடிவுவரை காத்திருக்கவில்லை. அவளுக்கு என் கையெழுத்து பிடித்திருந்தது.

ஏழு மாதம் கழித்து யாழ்ப்பாணத்துப் பெண்மணி மட்டும் போன் செய்தார். குரல் வேறு மாதிரி இருந்தது.

"அம்மா, அவவை விசாரணைக்குக் கூப்பிட்டவை. அவ முதல்ல குடுத்த வாக்குமூலத்தில, வீட்டில இருந்து நேர பஸ், அடுத்த நாள் விமானம் எண்டு கிடக்கு. விமான நிலையப் பதிவும் அதுதான். உங்கட தாளில பத்தொன்பது நாள் முந்தியே வெளிக்கிட்டவ எண்டு கிடக்கு. இடையில எங்க நிண்டவ, ஆரோட நிண்டவ எண்டு அந்த அதிகாரி மூண்டு தரம் கேட்டவர்."

"அவ என்ன சொன்னா?"

"முதல் ரெண்டு தரமும் இல்லை எண்டுதான் சொன்னவ. மூண்டாம் தரம் உங்கட கையெழுத்தைக் காட்டினவர். அதைப் பாத்திட்டு, அம்மா எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும், நான்தான் மறந்திட்டன், மெட்ராசில எங்கயாச்சும் தங்கியிருப்பன் எண்டு சொல்லிப்போட்டா."

எழுதப் படிக்கத் தடுமாறுகிறவள் அவள். என் கையெழுத்தை அவளுக்கு அடையாளம் தெரிந்ததே ஐந்து ஆண்டு நான் மேசையில் எழுதுவதைத் துடைப்பத்தோடு சுற்றி வந்து பார்த்ததால்தான். தன் உடம்பு பட்ட நாட்களைவிட அந்த எழுத்தை அவள் நம்பினாள். இல்லை, நம்பினாள் என்றுகூடச் சொல்ல முடியாது. என்னை எதிர்த்துச் சொல்வது அவளுக்குப் பழக்கமில்லை. அத்தனை தூரம் போன பிறகும்.

அதிகாரி தன் குறிப்பில், மனுதாரர் தன் பேச்சை மாற்றுகிறார் என்று எழுதினார். மனு நின்றது.

அடுத்த இரண்டு நாள் நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். என் நோட்டில் தவறு இருக்காது என்று நினைத்தேன். அவள்தான் எதையோ மறைக்கிறாள், அந்த டிராவல்ஸ்காரனோடு சென்னையில் எங்கோ தங்கியிருக்கலாம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் தங்கை வந்தபோது, "உங்க அக்கா அந்த பத்தொம்பது நாளு எங்க இருந்தா? உண்மையச் சொல்லு" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

"இன்னாம்மா பேசறிங்க? அன்னிக்கி பையிதான வெச்சம்? ஆளா போனா? ஆடி மொத வெள்ளிக்கி உங்க வூட்ல கூழு கிண்டுனது யாரு? உங்க வூட்டுக்காரருக்கு பீ மூத்திரம் வாரிக்கினு இருந்தது யாரு? எங்க அக்காதான? உங்க வூட்லதான இருந்தா!"

நாட்குறிப்பை எடுத்துப் பக்கங்களைத் திருப்பினேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் டிக். பத்தொன்பது டிக். ஒரு நாள்கூட அவள் மட்டம் போடவில்லை.

டிக் மட்டும் இல்லை. பஸ் ஏறுவதற்கு நான்கு நாள் முந்தைய பக்கத்தில் இருந்தது: "பயமாயிருக்கிறது என்று அழுதாள். யாராவது போகாதே என்றால் நின்றுவிடுவாள் போலிருக்கிறது. தைரியம் சொன்னேன்." பஸ் ஏறிய நாளின் பக்கத்தில்: "பஸ் நிலையத்திலேயே பாஸ்போர்ட்டை அவன் வாங்கிக்கொண்டான். உறுத்தியது. கேட்கவில்லை. மலை தெரியவில்லை."

தவறைத் திருத்த வேண்டுமென்றால் பத்தொன்பது பக்கங்களையும் அனுப்ப வேண்டும். டிக் இருக்கும் அடிப்பகுதியை மட்டும் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று யோசித்தேன். ஸ்கேன் சரியாக விழவில்லை, கடையில் மின்சாரம் இல்லை, மழை என்று நாட்களைக் கடத்தினேன். பதினோரு நாள். அந்தப் பதினோரு பக்கங்களிலும் வேறு எதை எதையோ எழுதியிருக்கிறேன். சின்ன சேலத்தில் பெய்த மழையின் அளவைக்கூட எழுதியிருக்கிறேன். பன்னிரண்டாம் நாள் அத்தனை பக்கங்களையும் முழுதாக அனுப்பினேன். பை எடுத்து வைக்கும் வழக்கத்தைப் பற்றி மூன்று பக்கம் விளக்கமும் எழுதினேன்.

யாழ்ப்பாணத்துப் பெண்மணி போன் செய்து, வக்கீலம்மா அழுதுவிட்டார் என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

"இல்லை அம்மா. பாஸ்போர்ட்டை முதல் நாளே பறிச்சவன் எண்டதுக்கும், அவ பயந்து அழுதவ எண்டதுக்கும்தான் நாங்கள் ஒரு வருசமா ஆதாரம் தேடினது. இது முதலே வந்திருந்தா அந்த விசாரணையே நடந்திராது."

அவர்கள் மாதம் கேட்டார்கள், நான் தேதி கொடுத்தேன். அவர்களுக்கு உண்மையில் வேண்டியிருந்ததை நான் அடுத்த பக்கங்களில் வைத்துக்கொண்டிருந்தேன்.

டிராவல்ஸ்காரன் மேல் எஸ்.பி. ஆபீசில் நானும் தங்கையும் மனுக் கொடுத்திருந்தோம். ரசீது தந்தார்கள், அதை ஒட்டி வைத்திருக்கிறேன். அவன் கடைப் பலகையை மாற்றியதைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை. ஒரு நாள் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் எதிரே வந்தான். அவனாகவே கும்பிட்டான்.

"நல்லா இருக்கிங்களா மேடம்? எம் மேல கம்ப்ளெய்ண்ட்டு எழுதிக் குடுத்தாங்களாமே, கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சின்னு ஸ்டேசன்ல சொன்னாங்க." சிரித்தான். "நான் கூப்ட்டப்ப அந்தப் பொண்ணு வர்லன்னுதான் மேடம் சொல்லிச்சி. நீங்க போன்னு சொன்னப்பறந்தான் ஒத்துக்கிச்சி. அதையும் எழுதிக்கினிங்களா?"

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்துவிட்டேன். தியாகதுருகம் வரை எங்கள் ஊர்க் கோட்டை மலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

திருத்திய மனு வரிசையின் கடைசிக்குப் போய்விட்டது. எப்போது எடுப்பார்கள் என்று வக்கீலம்மாவுக்கே தெரியவில்லை. ஒரு வருடமும் அதற்கு மேலும் ஓடியது. பெண் பிளஸ் டூ முடித்தாள். பதினெட்டு நிறைந்த அடுத்த மாதமே தங்கையின் புருஷன் மாப்பிள்ளை பார்த்துவிட்டான். நெல் அறுக்கும் வண்டி ஓட்டுகிற பையன், வைகாசியில் முகூர்த்தம். செய்தி கேட்டு அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். அந்த வீட்டுக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் முறை. தங்கை எனக்கு நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர்.

"கல்யாணம் ஆயிட்டா அந்த நாட்டுல சேத்துக்க மாட்டாங்க. வக்கீலம்மா தெளிவா சொல்லியிருக்காங்க. கொஞ்சம் பொறுத்துக்க."

"எத்தினி நாளும்மா பொறுத்துக்கறது? வயசுக்கு வந்த பொண்ண வூட்ல வெச்சிக்கினு நானும் வேலைக்குப் போவணும், அவரும் போவணும். அந்த டிராவல்ஸ்காரன் ஆளு ரெண்டு தபா வந்து, ஒங்கம்மா கிட்ட நாங்களே கூட்டிக்கினு போறம்னு இவ கிட்ட பேசிட்டுப் போயிருக்கறான். தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது.

"உங்க அக்கா என்ன சொல்றா?"

"அழுவுறா. வேற இன்னா செய்வா?" தங்கை என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். குரலில் கோபம்கூட இல்லை. "ஒண்ணு செய்யிங்க. அந்த ஆபீசுல எந்தத் தேதிக்கு கையெழுத்துப் போடுவாங்கன்னு சொல்லுங்க. ஊருல எல்லாருக்கும் தேதி சொல்றிங்களே. சொல்லிட்டிங்கன்னா இப்பவே போயி கல்யாணத்த நிறுத்திர்றன்."

பெண் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அம்மா என் வீட்டில் நின்ற அதே மாதிரி. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

நான் சொம்பிலிருந்த தண்ணீரை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. ஆவணியில் அனுமதி வந்துவிட்டது. நான்கு மாதம்கூட இல்லை. எத்தனை நாள் என்று எண்ணி வைத்திருக்கிறேன். அனுமதி தாய்க்கு மட்டும். குழந்தைகள் என்ற இடத்தில், ஒன்று, மணமானவர், தகுதி இல்லை என்று இருந்ததாம். வக்கீலம்மா வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷி. அப்படிச் சொல்வது அவர் கடமை.

அவள் எனக்குப் போன் செய்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அய்யா எப்பிடிம்மா இருக்கறாரு? நடக்கறாரா?"

என் கணவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னதும் அவருக்காக அழுதாள். நான் அவள் மகளைப் பற்றி ஏதோ தொடங்கினேன். "உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. நான்தான் நெனவா சொல்லியிருக்கணும்" என்றாள். அந்த வார்த்தையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் ஒரு முன்மதியம் வாசலில் பைக் சத்தம். பெண்ணும் அவள் புருஷனும். பையை எடுத்துப் போக வந்திருந்தார்கள். அவன் கெட்டவன் இல்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றான். அவள் கட்டிலுக்கு அடியில் குனிந்து சிவப்புப் பையை இழுத்தாள். இரண்டு வருடத் தூசி. பிரித்துப் பார்த்தாள். இரண்டு சுடிதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் நகல், அம்மாவுக்கென்று வாங்கி வைத்த ஒரு பாக்கெட் கண்ணாடி வளையல். சுடிதாரைத் தோளில் வைத்து அளந்து பார்த்துவிட்டு மடித்து வைத்தாள். அது அவளுக்குச் சிறிசாகியிருந்தது.

"இன்னாத்துக்கு இந்தப் பையிய இவங்க வூட்ல வெச்சிருந்த?" என்று அவன் கேட்டான்.

"சும்மாதான்."

அவன் பையை வாங்கிக்கொண்டு வெளியே போனான். அவள் போகவில்லை. மேசையைப் பார்த்தாள். நீள நோட்டு அங்கேதான் இருந்தது.

"அன்னிக்கி எம் பேர எழுதனிங்களே. இன்னும் இருக்குதா?"

திறந்து காட்டினேன். புறப்பாடு. அவள் அம்மாவின் பெயருக்கு நான்கைந்து வரி தள்ளி அவள் பெயர். விரலை வைத்துப் படித்தாள்.

"அடிச்சிடட்டுமா?" என்றேன். பேனா என் கையில் இருந்தது.

"வோணாம். இருக்கட்டும். இதுலயாச்சும் போனதா இருக்கட்டும்."

பைக் கிளம்பியது. பெட்ரோல் டேங்க் மேல் பையை வைத்துக்கொண்டு அவன் ஓட்டினான். ரிஷிவந்தியம் சாலை திருப்பம் வரை அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேற்கே மலை தெளிவாகத் தெரிந்தது. உள்ளே வந்து அன்றைய பக்கத்தைத் திறந்தேன். இன்றுவரை அந்தப் பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது.